கரிமுகனும் பால் சங்கமும்

சென்னை
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உறுவையாற்றில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்டதா? அப்பா சொர்ணவாரி அறுப்பை முடித்துவிட்டாரா? உன் கழுத்துத் தோல் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது, தலையைத் தூக்கவே சிரமப்படுகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். நீ சொல்லமாட்டாய்.

போனில் உன்னிடம் பேசினால் இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. தீக்காய வார்டில் நீ படுத்திருந்தபோது உள்ளே போன் விடமாட்டார்கள் என்றுதான் எழுத ஆரம்பித்தோம். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் எழுதினால்தான் நீ நீயாகப் பேசுகிறாய். அதனால் இந்தச் செய்தியையும் எழுதியே சொல்கிறேன்.

என் முதல் படக்கதைப் புத்தகம் வந்துவிட்டது! 'சூறைமாறன்' என்று தலைப்பு. காற்றை அடக்கி ஆளும் வீரனின் கதை. இத்தனை நாள் அடுத்தவர் போட்ட கோட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். இதில் அட்டை முதல் கடைசிக் கட்டம் வரை என் கை. வில்லனுக்கு உருவம் கொடுத்ததும் நான்தான். எங்கள் இதழின் ஆசிரியர் சார்லஸ் சார், "வில்லன்தான்யா புக்கையே தூக்கி நிறுத்துறான்" என்று எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். அவன் பெயர் கரிமுகன். ஆராய்ச்சிக்கூடத்தில் தீப்பிடித்து முகம் வெந்துபோன விஞ்ஞானி. அந்த ஆத்திரத்தில் நகரத்தையே பழிவாங்கக் கிளம்புகிறான். நடுவில் ஒரு முழுப்பக்கத்தில் முகமூடியைக் கழற்றுவான். பார், எப்படி வந்திருக்கிறது என்று.

உனக்கு ஒரு பிரதி இதோடு வருகிறது. நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகச் செல்வகுமாரி டீச்சர் சொன்னார். நாம் படித்த காலத்தில் அங்கே படம் போட்ட புத்தகம் ஏது?

இன்னொன்று. இங்கே ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரை விசாரித்து வைத்திருக்கிறேன். கழுத்தோடு சேர்த்து முகத்தையும் படிப்படியாகச் சரிசெய்யலாம், ஓரளவு பழைய முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்கிறார். நீ சரி என்று சொன்னால் போதும்.

படித்ததும் எழுது.

உன் தம்பி,
திலீப்


உறுவையாறு
19 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி திலீப்புக்கு,

கடிதமும் புத்தகமும் சேர்ந்தே வந்தன. வீட்டில் எல்லோருக்கும் சுகம்தான். அறுப்பு முடிந்து நெல் வாசலில் காய்கிறது. மேகம் கொஞ்சம் கூடினாலும் அம்மா முட்டிவலியை மறந்து ஓடுகிறாள்.

புத்தகம் நல்ல தாள். வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. அட்டையில் உன் பெயரைக் காட்டியதும் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போனபோதும் புத்தகம் அவர் கக்கத்திலேயே இருந்தது.

அம்மாவின் கதை வேறு. கரிமுகன் என்று கேட்டதும் அவளுக்கு ஆனைமுகத்தான் நினைவு வந்துவிட்டது. "எம்புள்ள புள்ளையார் கதைய வரைஞ்சிக்கிறான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் திருத்தவில்லை. கரி என்றால் யானை என்றும் ஒரு பொருள் உண்டு என்று செல்வகுமாரி டீச்சர் நமக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நீ மறந்திருப்பாய்.

சங்கத்தில் எப்போதும் போல வேலை. காலையில் பால் ஊற்ற வருகிறவர்களுக்குச் சத்துப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறேன். காத்தவராயன் அண்ணன் செயலாளர் ஆன பிறகு என் மேஜையை வாசல் பக்கம் காற்றோட்டமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கரிமுகனின் இடது காதை எதைப் பார்த்து வரைந்தாய்?

டாக்டர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
ஜெயப்பிரியா


சென்னை
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. அப்பா புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நடந்ததை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. பிள்ளையாருக்குக் கோபம் வரப்போகிறது.

இரண்டாவது இதழ் அச்சுக்குப் போய்விட்டது. முதல் இதழைப் பற்றி வாசகர்கள் எழுதுவதெல்லாம் கரிமுகனைப் பற்றித்தான். வீரனை ஒருவரும் கேட்பதில்லை. அவன் முகத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கலாமா என்று சார்லஸ் சார் யோசிக்கிறார். இரண்டாவது இதழில் அவன் ஒரு அணையையே உடைக்கிறான். பள்ளிக்கு இதிலும் ஒரு கட்டு அனுப்புகிறேன்.

தாள் நன்றாக இருக்கிறது என்று எழுதினாயே, கதை எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே? நீதான் எனக்கு முதல் வாசகி. சின்ன வயதில் நான் சுவரில் கரியால் கிறுக்கியதற்கே கருத்துச் சொன்னவள் நீ.

டாக்டரிடம் உனக்காகப் பேசிவைக்கட்டுமா?

உன் தம்பி,
திலீப்


சென்னை
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதமாகியும் உன் பதில் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால், "எழுதுவா, எழுதுவா, வேல சாஸ்தி" என்று வைத்துவிடுகிறாள். அம்மா இவ்வளவு சீக்கிரம் போனை வைப்பவள் இல்லை.

இரண்டாம் இதழ் வந்து சேர்ந்ததா? இரண்டு வரி எழுதினாலும் போதும்.

திலீப்


உறுவையாறு
27 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. கவலைப்படாதே. புத்தகம் வந்தது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்ததால் எழுத நேரம் அமையவில்லை. ஆள் கிடைக்காமல் அப்பா மண்ணாடிப்பட்டு வரை போய் நடவுக்குப் பெண்களை வண்டி வைத்து அழைத்து வந்தார். அம்மாவோடு சேர்ந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டதிலேயே நாள் போய்விட்டது.

நான் இப்போது சங்கத்தில் பின்னறையில் உட்காருகிறேன். வாசல் மேஜைக்குத் தேவியின் அம்மா அம்சவள்ளி வந்துவிட்டாள். அவள் பாலை வாங்கி உள்ளே அனுப்புகிறாள், நான் சத்துப் பார்த்து எழுதி வெளியே அனுப்புகிறேன். ஒரு குறையும் இல்லை. பின்னறையில் மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

இந்தத் தீபாவளிக்கு உன்னால் வரமுடியாது என்று அம்மா சொன்னாள். பரவாயில்லை, வேலையைப் பார். அதிரசம் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உடைந்து வந்தாலும் ருசி போகாது.

அக்கா,
ஜெயப்பிரியா


சென்னை
10 நவம்பர் 2024

அக்கா,

எல்லோரும் நலமா என்று கேட்டு எழுத ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது.

அதிரசம் வந்ததைச் சொல்லலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன கேட்டாலும் பிடி கொடுக்காமல் பேசினாள். "அக்கா இன்னாத்துக்குப் பின்னறைக்குப் போச்சு?" என்றேன். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"இன்னாத்துக்கா? நீ குடுத்தனுப்பிச்ச பொஸ்தகத்தால! பால் ஊத்த வர்ற பசங்க அவளப் பாத்தா கரிமுகன் வரான், கரிமுகன் வரான்னு கத்திகினு ஓடுதுங்க. அன்னிக்கி அந்த ராமு கல்ல எடுத்து வுட்டுட்டான்டா. நெத்தியில பட்டு ரத்தம். ஏன்டா அடிச்சேன்னு கேட்டா, கரிமுகன அடிச்சாத்தான் ஊரு பொழைக்கும்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதாம். நான் வேற புள்ளையார் கதைன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன்."

அப்புறம் அழுதாள்.

காதைப் பற்றி நீ ஆகஸ்டிலேயே கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. உன்னைப் பார்த்துத்தான் அக்கா. புகைப்படம் எதையும் எடுத்து வைத்துக்கொண்டு வரையவில்லை. வெந்த முகம் என்று எழுதிக் கொடுத்தார்கள், கை தானாக அந்தக் காதைப் போட்டது. எனக்குத் தெரிந்த வெந்த முகம் ஒன்றுதானே. பக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்த பிறகும் மாற்றவில்லை, நன்றாக வந்திருந்தது.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். மூன்றாம் இதழில் கரிமுகனை நல்லவனாக்கிவிடப் போகிறேன். சூறைமாறனைவிடப் பெரிய வீரனாக்குகிறேன். ஊரைக் காப்பாற்றட்டும். பிள்ளைகள் கை தட்டட்டும். சார்லஸ் சாரிடம் சண்டை போட்டாவது செய்வேன். முடியாது என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன்.

திட்டியாவது எழுது.

திலீப்


உறுவையாறு
15 டிசம்பர் 2024

அன்புள்ள திலீப்,

நீ புயல் செய்தி பார்த்துப் பதறியிருப்பாய். எல்லோரும் உயிரோடு, உடம்பு கெடாமல் இருக்கிறோம். சம்பாப் பயிர்தான் போய்விட்டது. சங்கராபரணியில் வெள்ளம் வந்து வயலும் ரோடும் ஒன்றாகிவிட்டன. அப்பா வரப்பு இருந்த இடத்தைக் காலால் தேடிக்கொண்டு நடந்தார். மாடுகள் தப்பித்தன.

சங்கத்தில் பின்னறைதான் பள்ளம், முழங்காலுக்கு மேல் தண்ணீர். சத்துப் பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல் மேஜைக்கே வரவேண்டியதாகிவிட்டது. பால் வண்டி வரவில்லை. கறந்த பால் கெட்டுப்போகும். கிழக்குத் தெரு ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். காத்தவராயன் அண்ணன், "பால கீழ வூத்தாத, எடுத்துகினு போய்க் குடு" என்றார். அம்சவள்ளி காய்ச்சினாள், இருவருமாக எடுத்துக்கொண்டு போனோம்.

முகத்தை மறைத்துப் போட்டிருந்த துப்பட்டா நனைந்து கனத்ததால் எடுத்து இடுப்பில் கட்டியிருந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பசி, குளிர். முகத்தை யார் பார்த்தார்கள்? டம்ளரைத்தான் பார்த்தார்கள். ராமுவும் நின்றான், இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். அம்சவள்ளியின் மகள் தேவி மட்டும் என் கையிலிருந்து வாங்கமாட்டேன் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் அம்மா கொடுத்த பிறகு குடித்தாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன்னைத் திட்டத் தோன்றவில்லை. கோபம் இருந்தது, புயல் வருவதற்கு முன்பே ஆறிவிட்டது. ஆனால் சில விஷயம் உனக்குத் தெரியவேண்டும்.

அந்தக் கல் பெரிதாக வலிக்கவில்லை. கல்லை விட்டவன் பயந்து ஓடியிருந்தால் நான் வேலையைப் பார்த்திருப்பேன். அவன் ஓடவில்லை. நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட முகத்தோடு அங்கேயே நின்றான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பின்னறைக்குப் போனேன்.

என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் இந்த முகத்துக்கு ஒரு கதை வேண்டும். மதகடிப்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் குரலை இறக்கிக் கேட்பாள், "எவனாச்சும் ஆசிட் வூத்திட்டானாம்மா?" இன்னொருத்தி, "மாமியா வூட்லயா?" என்பாள். கல்யாணமே ஆகவில்லை என்றால், "லவ்வா?" எலி காஸ் ட்யூபைக் கடித்து வைத்திருந்தது, காலையில் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன் என்று சொன்னால் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. எதையோ மறைக்கிறேன் என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

உன் கரிமுகனும் பஸ்ஸில் கேட்கிறவர்கள் போலத்தான். முகம் வெந்தால் உள்ளேயும் ஏதாவது வெந்திருக்க வேண்டும், உடனே பழிவாங்கக் கிளம்பவேண்டும். நான் யாரைப் பழிவாங்குவது, எலியையா?

முகம் வெந்தவளுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? அரிக்கிறது. வெந்த இடத்தில் வேர்க்காது, அதற்கும் சேர்த்து முதுகு வேர்க்கும். வாய் முழுதாகத் திறக்காததால் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிட்டுத் தின்கிறாள். முதல் வருஷம் கண்ணாடியைத் திருப்பி வைக்கிறாள். இரண்டாம் வருஷம் தலை வார வேண்டியிருக்கிறதே என்று திருப்பிப் போடுகிறாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் வாசலுக்குப் போய்விடுகிறாள், அதனால் வீட்டில் டீ அம்மா போடுகிறாள். பிறகு வேலைக்குப் போகிறாள். ஊரை அழிக்க அவளுக்கு எங்கே நேரம்?

அதனால் அவனை வீரனாக்கவும் வேண்டாம். அப்புறம் பிள்ளைகள் என்னைப் பறந்து காட்டச் சொல்வார்கள். உன் கதை நகரத்தில் பஸ் ஓடுகிறது இல்லையா? முகம் வெந்த ஒருத்தி அதில் கண்டக்டராக இருக்கட்டும். டிக்கெட் கொடுக்கட்டும். அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கட்டத்திலும் எழுதாதே. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

வேலையை விடாதே. அப்பாவுக்கு இந்த வருஷம் ஒரு கவலை போதும்.

டாக்டரிடம் சொல். கழுத்துக்கு மட்டும் வருகிறேன். தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே போகிறது, பஸ் வருகிறதா என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. முகம் வேண்டாம். இந்த முகத்தோடு பழக எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. இன்னொன்றை முதலிலிருந்து பழக என்னால் ஆகாது.

அக்கா,
பிரியா


சென்னை
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

வெள்ளம் வடிந்து வீடு காய்ந்ததா? அப்பாவிடம் தைரியமாக இருக்கச் சொல். நவரைப் பட்டத்துக்கு விதைநெல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே சார்லஸ் சாரிடம் போனேன். கரிமுகனுக்கு வேறு முகம் கொடுக்கலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"வில்லனுக்கு மூஞ்சி கெட்டிருந்தாத்தான்யா பாத்த உடனே புரியும்."

"என்ன சார் புரியும்?"

"கெட்டவன்னு."

"எங்கக்கா மூஞ்சி அப்படித்தான் சார் இருக்கும்."

அவர் நல்லவர்தான் அக்கா. முகம் வாடிப்போய்விட்டது. இரண்டு டீ சொன்னார். டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுய்யா" என்றார். அப்புறம், "ஆனா அவன நம்பித்தான் புக்கு ஓடுது" என்றார்.

நான்காம் இதழ் கரிமுகன் பிறந்த கதை. தீ, அலறல், கண்ணாடி உடைவது, சபதம். நான் வரையமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறொரு பையன் வரைகிறான். அவனுக்கும் நல்ல கை. இனி கரிமுகன் வருகிற பக்கங்கள் அவனுக்கு, தெரு, கடை, கூட்டம், வாகனம் எல்லாம் எனக்கு. பதவி இறங்கியது போலத்தான். கரிமுகன் சாகமாட்டான் அக்கா. என்னால் அவனை நிறுத்த முடியவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நீ சொன்ன கண்டக்டரை வரைந்து சார்லஸ் சாரிடம் காட்டினேன்.

"இவங்க யாரு?"

"கண்டக்டர் சார்."

"அது தெரியுதுய்யா. இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"தெரியல சார். டிக்கெட் குடுக்கறாங்க."

கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "ரீடர் கேப்பான்" என்றார். "கேக்கட்டும் சார்" என்றேன். விட்டுவிட்டார். ஐந்தாம் இதழில் வருவாள்.

டாக்டரிடம் பேசினேன். மார்ச்சில் இடம் கிடைக்கும். முகத்தைப் பற்றி மட்டும் இன்னொரு தரம் யோசித்துப் பார் அக்கா. அம்மாவுக்கும் அந்த ஆசை இருக்கிறது.

உன் தம்பி,
திலீப்


உறுவையாறு
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி திலீப்புக்கு,

இங்கே அனைவரும் சுகம். நவரை நட்டாயிற்று, பச்சை பிடித்துவிட்டது. அப்பா மறுபடியும் வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரோடு சண்டை போடுகிறார், அதனால் நன்றாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் செல்வகுமாரி டீச்சர் பால் வாங்குகிற சாக்கில் சங்கத்துக்கு வந்து நின்றார்.

"பிரியா, ஒருநாள் கிளாசுக்கு வாயேன்."

"எதுக்கு டீச்சர்?"

"பசங்க கேள்வி மேல கேள்வி கேக்குதுங்க. நான் பதில் சொன்னா பாடம் மாதிரி ஆயிடுது."

இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் போனேன். மூன்றாம் வகுப்பு. நான் உள்ளே நுழைந்ததும் தேவி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். டீச்சர் அவளை இழுக்கவில்லை.

முதல் கேள்வியே, "நீங்க கையில இருந்து நெருப்பு வுடுவீங்களா?"

"வுட முடிஞ்சா சங்கத்துல பால் காய்ச்ச அடுப்பு எதுக்குடா?" என்றேன். சிரித்தார்கள். அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"வலிக்குதாக்கா?"

"இப்ப வலி இல்ல. வெயில்ல அரிக்கும்."

"ராத்திரி கண்ண மூட முடியுமா?"

"ஒரு கண்ணு முழுசா மூடாது. துணியப் போட்டுகினு தூங்குவேன்."

"எப்பிடி ஆச்சு?"

எலி, ட்யூப், டீ. சொன்னேன். பெரியவர்களைப் போல இவர்கள் ஏமாந்து போகவில்லை. எலி எவ்வளவு பெரிது, ரப்பரை ஏன் கடிக்கிறது, அவரவர் வீட்டில் எலி எதைக் கடித்தது என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் அரைமணி நேரம் எலிக்கதை கேட்டேன்.

ஒரு சின்னப் பெண், "தொட்டுப் பாக்கலாமா?" என்றாள். குனிந்தேன். கன்னத்தில் விரல் வைத்து, "மெழுகு மாறி கீது" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். அதற்குப் பிறகு வரிசை. வீட்டார் தவிர வேறு யாரும் இத்தனை வருஷத்தில் அந்த இடத்தைத் தொட்டதில்லை, நர்சுகளைத் தவிர. கண் கலங்கிவிட்டது. ஒரு கண் எப்போதும் நீர் வடிவதுதான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

ராமு கேள்வியும் கேட்கவில்லை, தொடவும் வரவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை பின்னால் வந்தான்.

"அது சின்னக் கல்லுதான்க்கா" என்றான்.

"தெரியும்டா" என்றேன். உள்ளே ஓடிவிட்டான்.

தேவி கடைசி வரை பெஞ்சுக்கு அடியிலிருந்து வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றுக்கூட மேலத் தெருவில் எவனோ ஒருத்தன் கரிமுகன் என்று கத்திவிட்டு ஓடினான். ஆனால் நான் வாசல் மேஜையில்தான் இருக்கிறேன்.

இதில் அம்மாவுக்குத்தான் புதுத் தலைவலி. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னது காதுக்குக் காது மாறி, ஜெயப்பிரியாவை எலி கடித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. தையலம்மாள் அத்தை வேப்பிலையோடு பார்க்க வந்துவிட்டாள்.

மார்ச்சில் எந்தத் தேதி என்று எழுது.

அக்கா,
பிரியா


சென்னை
2 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

தேதி கிடைத்துவிட்டது. பதினேழாம் தேதி திங்கட்கிழமை சேரவேண்டும். நீயும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிடுங்கள். நான் கோயம்பேட்டில் நிற்கிறேன். பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை மறக்காதே.

கழுத்து மட்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "முகத்துக்கு எப்போ வருவாங்க?" என்று கேட்டார். "அவங்க கேக்கல டாக்டர்" என்றேன். அம்மாவிடமும் நானே பேசிவிட்டேன். வருத்தம்தான். இருந்தாலும் இனி உன்னிடம் கேட்கமாட்டாள்.

நானும் கேட்கமாட்டேன்.

உன் தம்பி,
திலீப்


உறுவையாறு
15 ஜூன் 2025

அன்புத் தம்பி திலீப்புக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதும் முதல் கடிதம். ஆஸ்பத்திரியில் நீ பக்கத்திலேயே இருந்ததால் எழுத வேலையில்லாமல் போயிற்று. ராத்திரி பகலாக உட்கார்ந்து நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா இன்னும் புலம்புகிறாள். நன்றாகச் சாப்பிடு.

கழுத்து ஆறிவருகிறது. தொடையில் தோல் எடுத்த இடமும் காய்ந்துவிட்டது. கழுத்துக்குப் போட்டுவிட்ட காலரைக் குளிக்கவும் பயிற்சிக்கும் மட்டும் கழற்றுகிறேன். வெயிலில் அது பெரிய தொல்லை, ஆனால் கழற்றினால் மறுபடி இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். இந்த மாதம் முதல் சங்கத்துக்கும் போகிறேன்.

ஐந்தாம் இதழ் கிடைத்தது. அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றே கட்டம்தான். "சில்லறை இருக்கா?" என்று ஒரு இடத்தில் கேட்கிறாள், அவ்வளவுதான். பின்னால் வானத்தில் உன் சூறைமாறன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் முன் சீட்டுக்காரனிடம் சில்லறைக்கு நிற்பது எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் கட்டத்தில் ரொம்ப அகலமாகச் சிரிக்கிறாள். தோல் இழுத்த பக்கம் உதடு அவ்வளவு தூரம் போகாது. அடுத்த தடவை வந்தால் பார்த்து வரை.

போன வாரம் வில்லியனூரில் தேர். ஆறு வருஷமாக நான் போகவில்லை. இந்தத் தடவை அம்மா கூப்பிடவில்லை, நானே கிளம்பினேன். அம்சவள்ளியும் தேவியும் கூட வந்தார்கள். தேவி என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் அவள் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தாள்.

மாட வீதியில் நிற்க இடமில்லை. பெரிய மனிதர்கள் வடம் தொட்டு இழுத்துவிட்டு நகர்ந்த பிறகு ஜனங்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று. அந்த அம்மாவின் இடுப்பிலிருந்த பிள்ளை என்னைப் பார்த்ததும் வாயில் வைத்திருந்த கரும்பை எடுத்துவிட்டது. கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மா அதன் முகத்தைத் தோளில் அழுத்தி, "அங்க பாக்காத" என்றாள். கூட வந்த பெரிய பெண், பத்து வயதிருக்கும், அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலர் இருந்ததால் சட்டென்று திரும்பவும் முடியவில்லை.

எங்கிருந்தோ தேவி நடுவில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு மூக்கு அளவுக்குத்தான் இருப்பாள்.

"இன்னா பாக்கற? அது எங்கூரு பால் அக்கா" என்றாள். பிறகு கையை நீட்டி, "தேரப் பாரு" என்றாள்.

அந்தப் பெண் தேரைப் பார்த்தாள். தேவியும் பார்த்தாள். நானும் பார்த்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன், தேர் உச்சியில் குடை அசைந்துகொண்டு வருவது வரை தெரிந்தது.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அப்பா பக்கத்தில் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் அக்கா பிரியா